என் தம்பிக்கு வந்தது உரு அல்ல

எங்கள் ஊரில் என்னை வாய்க்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தம்பிக்கு இந்நேரம் ஆண்டுத் திவசம் கொடுத்து முடித்திருப்போம்.

வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் இருக்கிற சிறிய அம்மன் கோவில் எங்களுடையது. வைகாசிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. பின்னேரப் பூசையில் பறை முழங்க, அம்மன் இறங்கி உரு வந்தவர்கள் வேப்பிலையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி செங்கலடியிலிருந்து ஓடும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி. சடங்குக்காக லீவில் வந்தவன், கோவிலுக்குப் பின்னால் கூட்டாளிகளோடு நின்றான். திடீரென்று கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து, இல்லாத யாரையோ பார்த்துக் கத்தினான். பிறகு மணலில் விழுந்து கைகாலை உதறத் தொடங்கினான்.

"உரு வந்திட்டு!" என்று யாரோ கூவ, பறை இன்னும் உரத்தது. மஞ்சள் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் ஊற்றினார்கள். எங்கள் தாய்மாமன்தான் கோவில் காரியங்களைப் பார்க்கிற வண்ணக்கர். அவருடைய மருமகன் மேலேயே அம்மன் இறங்கிவிட்டாள் என்றால் சும்மாவா? கைகூப்பிக் குனிந்து கேட்டார்.

"தாயே, வாக்குச் சொல்லு தாயே. இந்த வருசம் மழை எப்பிடி?"

தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து நுரைதான் வந்தது.

நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கிறேன். கோவிலையும் எனக்குத் தெரியும். உரு வந்து ஆடுகிறவர்கள் பறைக்கு ஆடுவார்கள், பறை தளர்ந்தால் தளர்வார்கள். இவனுடைய உதறலுக்கும் பறைக்கும் சம்பந்தமே இல்லை. உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது. பெண்கள் உள்ளே போகாத இடம் என்று தெரிந்தும் பாய்ந்துபோய்ப் பறைக்காரரின் கையைப் பிடித்தேன்.

"அடிக்காதீங்க அண்ணன்! இது வலிப்பு!"

"விலகு புள்ள!" என்று மாமா சீறினார். "தெய்வக் குத்தமாப் போயிரும்."

"போகட்டும் மாமா. குத்தத்த என்ட தலையில போடுங்க. முதல்ல ஓட்டோவக் கூப்பிடுங்க."

ஒருவரும் அசையவில்லை. நான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தேன். அவனுடைய கூட்டாளி ஒருவன், பேயறைந்த முகத்தோடு, தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான். வாவிப் பாலத்தைத் தாண்டும்போது அவனைக் கேட்டேன், என்னத்தை அடித்தீர்கள் என்று.

"கஞ்சா மாதிரித்தான் அக்கா. புதுச் சாமான். டெஸ்ட்டில பிடிபடாதாம்."

ஊசி போட்டு வலிப்பை அடக்கினார்கள். சேலைன் ஏறியது. மறுநாள் அவனுடைய சிறுநீர் பால் விடாத பிளேன்டி நிறத்தில் வந்தது. உதறிய உதறலில் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார் டொக்டர். இரத்தம் சுத்திகரிக்க மெஷினில் போட வேண்டிவரும் என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தான் கஞ்சாவுக்கான சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை.

மாமா திருநீற்றோடு வார்ட்டுக்குள் வந்தார்.

"பாத்தியா? பெடியன் ஒண்டும் குடிக்கல்ல. ஆட்டத்த இடையில நிப்பாட்டினதுதான் கோளாறு. வீட்ட விடச் சொல்லித் துண்டு வெட்டச் சொல்லு. கொண்டுபோய் அம்மனுக்கு மடை வைச்சுச் சாந்தி செய்வம்."

அம்மாவும் தலையை ஆட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் போட்ட சத்தத்துக்கு வார்ட்டே திரும்பிப் பார்த்தது.

கஞ்சா உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறதோ, அதைத்தான் அந்தப் பரிசோதனை தேடும். இது கஞ்சாவே இல்லை. எங்கேயோ செய்த இரசாயனத் தூளைக் கரைத்து ஏதோ ஒரு காய்ந்த இலையில் தெளித்தது. ஒரு சாமானைத் தடைசெய்தால் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி இன்னொன்று செய்வார்கள். பரிசோதனை எதை என்று தேடும்? தெளித்ததும் ஒரே அளவாக இருக்காது. ஒரு சிட்டிகையில் ஒன்றும் நடக்காது, அதே பக்கற்றின் அடுத்த சிட்டிகை ஆளை விழுத்தும். பொலிஸ் வீதியில் மறித்துச் சோதித்தால் லைசன் போய்விடும் என்று பயந்துதான் என் தம்பி இதைத் தேடிப் பிடித்திருக்கிறான். மடையன்.

"மாமா, மூளையில கஞ்சா போய்ப் பிடிக்கிற இடம் ஒண்டு இருக்கு. கஞ்சா அந்த இடத்த அரைவாசிக்குத்தான் மிதிக்கும். இது பஸ்ஸில எக்ஸிலேட்டர அடிமட்டத்துக்கு மிதிக்கிற மாதிரி. மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் அடிபடும். இதுக்கு மாத்து மருந்து எண்டு ஒண்டும் இல்ல. இஞ்ச வைச்சுப் பாத்தாத்தான் ஆள் மிஞ்சும்."

"அப்ப... அம்மன் வரல்லையா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மெஷினில் போட்டார்கள். மெல்ல மெல்லச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது.

பிழைத்து வந்தவனை ஊர் வேறு மாதிரிப் பார்த்தது. அம்மன் தொட்ட பிள்ளை என்றார்கள். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்ததால் அம்மாவுக்கும் அந்தக் கதை வசதியாகப் போயிற்று. தூள்காரனின் தங்கச்சி என்பதைவிட அது நல்லதுதானே. கோவிலுக்குப் பின்னால் அதே சாமான் தொடர்ந்து புகைந்தது. அடித்தால் உரு வரும் என்றுகூட ஒரு பகிடி. நான் வீடுவீடாகச் சொன்னேன். என் வாய்க்குப் பயந்து கதவைச் சாத்தினார்களே தவிர, நம்பவில்லை. தம்பியும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயம். ஒளித்துவைத்தால் திரும்பவும் தொடுவான்.

அடுத்த வைகாசிச் சடங்கில் மாமா அவனுக்குப் பட்டு வேட்டி கொண்டுவந்து நீட்டினார், உரு ஆடுகிறவர்களோடு நிற்கச் சொல்லி. பக்கத்து வளவு மாமி ஒருத்தி தன் சுகமில்லாத பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்தி, கைகூப்பினாள். கத்துவதற்கு நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் தம்பி குனிந்து அந்தப் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான்.

"என்னக் கும்பிடாதீங்க மாமி. நான் நச்சுச் சாமான் அடிச்சு விழுந்தவன். இவனுக்குக் காய்ச்சல் சுடுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

பறை நின்றுபோயிற்று. அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். அவன் கோவிலுக்குப் பின்பக்கம் நின்ற கூட்டாளிகளைப் பார்த்து இன்னும் உரக்கச் சொன்னான்.

"டேய், நீங்க விழுந்தாலும் இவங்க பறைதான்டா அடிப்பாங்க."