கவிழ்த்துப் பார்த்த பாட்டில்

எங்கள் தீவில், மரைன் ஹில் பக்கம், ஒருவர் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகிறார் என்றால் அது அவருடைய பயணம் அல்ல, தெருவின் பயணம். கருவாடு, தேங்காய், ஊறுகாய் என்று ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். "தோடாதான் இருக்கு, கொண்டுபோயிடு" என்பார்கள். தோடா என்றால் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் நாலு கிலோவுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை யாரோ கொடுத்த மீன் ஊறுகாய் என் பெட்டிக்குள் கசிந்து, டிப்ளமா சான்றிதழை மஞ்சளாக்கிவிட்டது. இன்றும் அதை எடுத்தால் பசிக்கும். அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எந்த பாட்டிலாக இருந்தாலும் செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் தலைகீழாக நிற்க வேண்டும். கசிந்தால் கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்போது ஓர் அலுவலகத்தில் எட்டு வருடமாக ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். புதிதாக வரும் ஒவ்வொரு மென்பொருளிலும் இருக்கும் கோளாறுகளைக் கண்டுபிடித்து எழுதுவது நான். அடியில் கையெழுத்துப் போடுவது பெரிய சார். பதவி உயர்வு கேட்டால், "அடுத்த வருஷம் தேக்கேங்கே" என்பார். பார்க்கலாமாம். நானும் வாயை மூடிக்கொண்டு அவருடைய பிரின்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் எரிச்சல். அந்த எரிச்சலில்தான் ஒருநாள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ என்று பதில் வந்தது.

அம்மாவிடம், "சென்னைக் கம்பெனில இன்டர்வியூ" என்றேன். அதோடு நிறுத்தியது என் தப்பு. அம்மா அதை எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் மட்டும்தான் சொன்னாளாம். ஆன்ட்டியிடம் சொல்வதும் கப்பல் வந்து நிற்கும் சாத்தம் ஜெட்டியில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் தோன்றினார். நான் வணக்கம் சொல்லி வாயை மூடவில்லை, கதவு திறந்தது. பின்னால் ஆன்ட்டி, முழு உருவமாக, கேமராவுக்குள்.

"பேட்டா, ஷிப்பா, ஃப்ளைட்டா? என் பையனுக்கு அச்சார். தோடாதான்!" என்று ஊறுகாய் பாட்டிலை லேப்டாப் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பொட்டலங்கள் வரிசையில் நின்றன. நான் கையை ஆட்டி விரட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் ஆட்டினார்கள்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "எந்த விவரமும் சொல்லாம ஒரு பொருளைக் கொடுத்து செக் பண்ணச் சொன்னா, எப்படி ஆரம்பிப்பீங்க?"

பழக்க தோஷம். கை தானாகப் போய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தது. கீழே செய்தித்தாள் இல்லை, கீபோர்டுதான் இருந்தது.

"அரே, என் அச்சார்!" என்று அலறினார் ஆன்ட்டி.

"மூடி சரியில்ல. இது கப்பல் ஏறாது, எடுத்துட்டுப் போங்க" என்றேன். ஆன்ட்டியிடம் சொன்னேனா, மேடத்திடம் சொன்னேனா, இன்றுவரை தெரியாது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு உண்மையாகவே ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நானும் எண்ணெய்க் கையோடு பதில் சொன்னேன். கடைசியில், "ஜூனியர் டெஸ்டரா எடுத்துக்கலாம். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

பரவாயில்லை மேடம் என்று சொல்ல என் வாய் தயாராகிவிட்டது. எட்டு வருடமாக அது ஒன்றைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறது. எனக்கு பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"எட்டு வருஷமா இதே வேலைதான் மேடம் செய்யறேன். கையெழுத்துதான் வேற ஆளோடது. சீனியர்னா வரேன். ஜூனியர்னா வேண்டாம்."

"கேட்டுச் சொல்றேன்" என்றார். திரை அணைந்தது. நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. சீனியர் டெஸ்டர். நான் போட்ட கத்தலில் ஆன்ட்டி ஓடி வந்தார். வேலை வீட்டிலிருந்தே என்று கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு பார்சல்கூட எடுத்துட்டுப் போக முடியாது, இது என்ன நௌக்ரி?" என்று முனகிக்கொண்டே போனார்.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து என் பழைய பெட்டியை இழுத்தாள். என் துணிகள், பருப்புப் பொடி, இரண்டு பாட்டில் ஊறுகாய், எல்லாம் எனக்காக அடுக்கி வைத்திருந்தாள்.

"நீ போயிடுவேன்னு நாலு நாளா அழுதுக்கிட்டே அடுக்கினேன்டி. முன்னாடியே சொல்லக் கூடாதா? அழுதது எல்லாம் வேஸ்ட்!"

பெட்டியின் அடியில் அந்த மஞ்சள் சான்றிதழ், நாலு பிளாஸ்டிக் பைக்குள் டேப் சுற்றிக் கிடந்தது. நான் ஊறுகாய் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"கவுத்து வெச்சுப் பாத்துட்டேன்" என்றாள். "பத்து நிமிஷம் இல்ல, ராத்திரி முழுக்க."