பூச்சி பார்க்கப் போன இடத்தில் மருந்து வாசனை

போன வருடம், அதாவது 2006 செப்டம்பரில், மாளய அமாவாசைக்கு மறுநாள் சனிக்கிழமை, திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு தோப்புக்குப் போனேன். விட்டில் பார்க்க. ராத்திரி விளக்கைச் சுற்றுமே, அதே விட்டில்தான். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆளுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்கள் என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம், அவளுக்கும் தெரியாது. நிலா இல்லாத நாளில்தான் விளக்குக்கு நிறைய வரும். அதனால் எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் கிளம்புவேன்.

இந்த முறை ஆசைக்காகப் போகவில்லை, அந்தத் தோப்பை வளர்த்த மீனாக்காவுக்காகப் போனேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், கல்பாக்கத்தில் வேலை. கணவர் இந்த ஊர்க்காரர். 1997-ல் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் தரிசில் இலந்தை, நுணா, புங்கன், வாகை என்று இந்த மண்ணின் மரங்களாகப் பார்த்து நட்டார். மூன்றாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அக்காதான் வளர்த்தார். நிலம் கணவரின் தம்பி சேகரோடு கூட்டுப் பட்டா. மனை போடுகிறவர்கள் சேகரை மொய்க்க ஆரம்பித்ததும், "வெறும் மரம்னா வித்துடலாம் அண்ணி. காடு காடுன்றீங்களே, அத்த கண்ணால காட்டுங்கோ, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் வீறாப்பாக, காட்டாவிட்டால் நானே முதலில் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். காட்டு விட்டில்களை விளக்குக்கு வரவழைத்து அதைக் காட்டத்தான் நான்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. வருடா வருடம் அங்கே வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி, விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மரம் நட்ட உடனே காடு வந்துவிடுவதில்லை. முதல் சில வருடங்கள் வந்ததெல்லாம் புல்லிலும் பக்கத்து வயலிலும் வளர்கிற பழுப்புச் சில்லறைகள். பிறகு நுணா இலை தின்கிறது வந்தது, வாகை இலை தின்கிறது வந்தது. ஒவ்வொன்றும் தன் மரத்தை எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்து முட்டையிட வேண்டும். 2005-ல்தான் இலந்தைப் பட்டுப்பூச்சி வந்தது. விரித்த கை அகலம், நான்கு இறக்கையிலும் கண்ணாடி பதித்தாற்போல் ஒவ்வொரு வட்டம். "இது வரணும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்" என்று அக்கா அழுதுவிட்டார்.

போகும் வழி: தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து ரூபாய். மேற்கொண்டு நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, நாற்பது ரூபாய், பேரம் படியவில்லை.

"இன்னா சார், பிளாட் பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க, காடு பார்க்க."

"இங்க ஏது சார் காடு? எங்க பாத்தாலும் கல்லு நட்டுகினு கீறானுங்க."

எரிச்சலாக வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோப்பு வாசலில் இறங்கியதும் அந்த எரிச்சல் மறந்துபோனது. மூக்கைத் துளைக்கும் வாசனை. மீனாக்கா எனக்கு முன்பே வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரே தோப்பைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் நிற்பதுபோல முகமெல்லாம் சிரிப்பாக.

"நீங்கதானேம்மா போன்ல சொன்னீங்கோ, பூச்சி பாக்க ஆளு வர்றாரு, சேகரண்ணனும் வர்றாருன்னு? அதான் ரெண்டு நாளா வுடாம மருந்து அடிச்சேன். ஏணி போட்டு உச்சி வரிக்கும் அடிச்சேன். இப்ப தேடிப் பாருங்கோ சார், ஒரு பூச்சி கெடச்சா என்னை இன்னான்னு கேளுங்கோ!"

அக்கா சொன்னது அதே வார்த்தைதான். ஆனால் அந்த ஊரில் யாராவது பூச்சி பார்க்க வருகிறார் என்றால், கத்தரியிலும் நெல்லிலும் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ள வருகிறார் என்று அர்த்தம். இலையெல்லாம் ஓட்டையாக இருந்தால் சேகர் நிலத்தை விற்றுவிடுவார் என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார். தோப்பைக் காப்பாற்றத்தான் அடித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டுத் தோப்புக்குள் நடந்தேன்.

மரத்தடியில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. நுணா அடியில் பச்சையாக, வாகை அடியில் பழுப்பாக. ஒன்பது வருடமாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை, காலுக்கடியில் சருகோடு சருகாக.

அக்கா, "விளக்கப் போடு தம்பி, எங்கயாச்சும் ரெண்டு மிஞ்சியிருக்கும்" என்றார். பம்ப் செட்டிலிருந்து வயர் இழுத்து, வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டேன். மறைமலைநகரில் ஷிப்ட் முடித்துச் சேகர் பைக்கில் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. மூன்று பேரும் வேட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, பக்கத்து வயலிலிருந்து சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் வந்து ஒட்டின. தோப்பிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

சேகர் குனிந்து பார்த்தார். "இது நெல்லுல குருத்து துன்ற பூச்சிதானே அண்ணி? இதுக்கா இம்மாம் பாடு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஏமாந்துபோய்க் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. நான் நடந்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மருந்து அடிச்சதுக்கே மொத்தமும் பூடுச்சுன்னா அது இன்னா சார் காடு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "சொன்னா சொன்னதுதான் சேகர்" என்று சொல்லிவிட்டுப் போய் விளக்கை அணைத்தார்.

கிளம்பும்போது டார்ச் வெளிச்சத்தில் இலந்தைக் கிளையில் ஒரு கூடு தொங்கியது, சின்னக் கோழிமுட்டை அளவில், கல்போல் கெட்டியாக. மருந்து உள்ளே இறங்கியிருக்காது. அக்கா அதைக் காம்போடு உடைத்து என் பையில் போட்டார்.

உங்களில் யாராவது இதுபோலப் புதிதாக நட்ட தோப்புகளுக்கு விட்டில் பார்க்கப் போவதாக இருந்தால் சில விஷயங்கள். வேட்டி வெள்ளையாக இருக்கட்டும், நீலம் போடாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. முக்கியமாக, முன்கூட்டிப் போன் செய்தால் பூச்சி என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். விட்டில் என்று சொல்லுங்கள், மருந்து அடிக்க வேண்டாம் என்று அதற்கும் முன்னால் சொல்லுங்கள். வழி எல்லாம் மேலே கொடுத்திருக்கிறேன், ஆனால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். பொங்கலுக்குள் மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது வரிசையாகச் சுண்ணாம்பு அடித்த கற்கள்தான்.

கூடு ஐப்பசி மழையில் என் வீட்டுச் சன்னலில் பிரிந்தது. பெண். வாலைத் தூக்கி வாசனை விட்டால் ஆண் எவ்வளவு தூரத்திலிருந்தும் காற்றை எதிர்த்து வந்து சேரும். அதற்கு வாயே கிடையாது, சாப்பிடாது, காத்திருக்க மட்டும்தான் தெரியும். சன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கடைசியில் கருவில்லாத முட்டைகளை, அது பறந்துவிடாமல் நான் கட்டியிருந்த கொசுவலையில் ஒட்டிவிட்டுச் செத்தது.

அன்று சாயங்காலம் மீனாக்கா போன் செய்தார். "ஜோடி வந்துச்சா தம்பி?"

"இல்லக்கா."

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் சன்னலத் தொறந்து வையேன்."

காலையில்தான் அதைப் பெருக்கி எடுத்திருந்தேன். "வைக்கிறேன்க்கா" என்றேன்.