ஒரகடத்துக்கு ஒரு சின்னப் பை

புதன்கிழமை, காலை 5.10. காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறும்போது என் தோளில் ஒரே ஒரு சின்னப் பை. பார்த்தவர்கள் பக்கத்து ஊர்ச் சீமந்தத்துக்குப் போகிறவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். உள்ளே ஆறு நாளைக்கான துணி இருந்தது.

எங்கள் தொழிலில் இது ஒரு சாமர்த்தியம். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாகக் கடைசிப் பரிசோதனை பார்க்கிறேன். நாங்கள் அனுப்பிய சாமானில் குறை என்று பெரிய தொழிற்சாலை சொல்லிவிட்டால், நாங்களே அங்கே போய் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ரெண்டு நாள் வேலை என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பையோடு போனால் தொலைந்தோம். போன வருடம் எங்கள் சூப்பர்வைசர் வேறொரு கம்பெனிக்குப் பெட்டியோடு போனார். தயாராத்தான் வந்திருக்கீங்க என்று சொல்லி ஒன்பது நாள் உட்கார வைத்துவிட்டார்கள். ஆகவே பை சின்னதாகத் தெரிய வேண்டும், உள்ளே எல்லாம் இருக்கவும் வேண்டும்.

சுடிதார்களை இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ வாங்கிக்கொண்டேன். தொழிற்சாலை வாசலில் இரவல் கொடுக்கும் ஷூவில் பெண்கள் அளவு எப்போதும் இருக்காது. ஷூவுக்குள்ளே சாக்ஸ், சாக்ஸுக்குள்ளே பத்து நாள் பிரஷர் மாத்திரை. சோப்பைப் பாதியாக வெட்டினேன். கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பழைய பட்டன் போன். ஆதார் ஜெராக்ஸ் மூன்று. அளவு பார்க்கும் கேஜ், ஒரு லென்ஸ், தலையில் M என்று பொறித்த ஒரு மாஸ்டர் பின். குறையில்லாத பின் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அது.

பின் என்றால் குண்டூசி இல்லை. சுண்டுவிரல் நீள இரும்புக் கம்பி. சின்னச் சரக்கு வண்டியின் பிரேக் பெடலை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் கழுத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு வளையக் கிளிப். பள்ளம் ஆழம் குறைந்தால் கிளிப் உட்கார்ந்த மாதிரி இருந்துவிட்டு ஒரு நாள் தெறித்துவிடும். பின் நழுவிவிடும். அப்புறம் காலுக்குக் கீழே பெடல் சும்மாதான் இருக்கும்.

அனுப்பிய அறுநூறில் சிலதில் பள்ளம் ஆழமில்லை. பெட்டியின் மேல் இருந்தது ஏழாம் எண் முத்திரை. அது என் முத்திரை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறுநூறையும் நான் பரிசோதிக்க வேண்டிய அன்றைக்கு நாத்தனார் வீட்டு வளைகாப்பு. ஐந்து மணிக்குப் போக வேண்டும். இருபது பின்னுக்குக் கேஜ் வைத்துப் பார்த்தேன், அறுநூறுக்கும் முத்திரை குத்தினேன். முதலாளிக்கு இது தெரியாது. “ரெண்டே நாளுங்க அக்கா, போயிட்டு வந்துருங்க” என்றுதான் சொன்னார். பதினோரு பேர் சோறு தின்கிற பட்டறை. இந்த ஆர்டர் போனால் கதவை மூட வேண்டியதுதான்.

புதன், மாலை 4.15. சேலத்தில் பஸ் மாறி, சிங்கப்பெருமாள் கோவில் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கினேன். ரயில் நிலையத்துக்கு அருகே பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில், நாளைக்கு நானூறு ரூபாய். பக்கத்துக் கட்டிலில் சங்கரன்கோவில் பெண் பேச்சியம்மாள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலை. என் பையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ரெண்டு நாளா அக்கா? நானும் பயிற்சி பத்து நாளுன்னுதான் வந்தேன். மூணு வருசம் ஆயிட்டு.”

நான் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

வியாழன், காலை 7.00. ஒரகடத்துக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். மூன்று பேர் இருக்கையில் ஐந்து பேர், எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. எதிரே வரிசையாகக் கம்பெனி பஸ்கள். எங்கள் முன்னால் போன ஒரு சின்னச் சரக்கு வண்டி சடாரென்று பிரேக் அடித்தது. நான் ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன்.

“இன்னாக்கா, ஆட்டோல ஏறனதே இல்லியா?” என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி, நான் கொண்டுபோன சாமான்களை ஒரு சீட்டில் எழுதினார். கேஜ் ஒன்று, லென்ஸ் ஒன்று, மாஸ்டர் பின் ஒன்று. சீட்டில் எழுதியது எதுவோ, அதைத் திரும்பக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள்.

உள்ளே என்னை வரவேற்றவர் டில்லிபாபு, அந்தக் கம்பெனியின் தரப் பிரிவு சூப்பர்வைசர். சொந்த ஊர் வல்லக்கோட்டை. முப்பத்தைந்து வயதிருக்கும். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

“இன்னாக்கா, இம்மாம் சின்னப் பை? நாளிக்கே கெளம்பற ஐடியாவா?”

“மாத்துத் துணிகூட எடுத்தாரலீங்க சார்” என்று கூசாமல் சொன்னேன்.

“அப்ப சீக்கிரம் முடிக்கணும்” என்று சிரித்துக்கொண்டே கணக்கைச் சொன்னார். அறுநூறு பின்னில் முப்பத்தாறு வண்டிகளில் ஏறிவிட்டது. முப்பத்தாறு வண்டியும் யார்டிலேயே நிறுத்தப்பட்டு, பின் மாற்றியாகிவிட்டது. ஸ்டோரில் ஐந்நூற்று அறுபத்து நான்கு இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஜ் வைத்துப் பார்த்து, நல்லதுக்கு மஞ்சள் புள்ளி, கெட்டதுக்குச் சிவப்புப் புள்ளி. வண்டியும் பெட்டியும் சேர்ந்து அறுநூறு வந்தால் நான் வீட்டுக்குப் போகலாம்.

வியாழன் முழுக்கவும் வெள்ளி மத்தியானம் வரைக்கும் அதுதான் வேலை. உதவிக்கு இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள் புள்ளி வைத்தார்கள். சிவப்புப் புள்ளி விழ விழ மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நான் முத்திரை குத்தியவை அல்லவா? மொத்தம் நாற்பத்தொன்று.

வெள்ளி, மதியம் 2.00. டில்லிபாபு எண்ணினார், நானும் எண்ணினேன். ஐந்நூற்று அறுபத்து நான்கு, மிகச் சரி. அவர் தாளில் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். காலையிலேயே விடுதியைக் காலி செய்துவிட்டு வந்திருந்தேன். ‘அப்பாடா’ என்று ஒரு டீ குடித்தேன். இரண்டு நாளில் அந்த டீ மட்டும்தான் நாக்குக்குத் தெரிந்தது.

வெள்ளி, மாலை 3.20. வாசல். செக்யூரிட்டி சீட்டை எடுத்தார்.

“பின்னு எங்கம்மா? எழுதனது மூணு, இங்க ரெண்டுதான் கீது.”

பையின் மேல் அறையில் தேடினேன், ஓவர்கோட் பாக்கெட்டில் தேடினேன். காணோம்.

“ஒரு பின்னுதானே, தொலஞ்சிபோச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. ஷேர் ஆட்டோ நின்னுகினு கீது பாரு.”

பேனாவை வாங்கினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வியாழன் மத்தியானம் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காட்டுவதற்காக மாஸ்டர் பின்னைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. அதிலிருந்ததை அவர்கள் நல்ல பின்களுக்கான மஞ்சள் பெட்டியில் கொட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்த ஐந்நூற்று அறுபத்து நான்கில் என்னுடையதும் ஒன்று. உண்மையில் இருப்பது ஐந்நூற்று அறுபத்து மூன்று.

ஒன்று குறைகிறது. யாரும் பார்க்காத ஒரு பின் ஏதோ ஒரு வண்டியில் இருக்கிறது. உலகத்தில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த இரண்டு நிமிடம் என்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் விடிவதற்குள் வீடு. அந்தப் பின் நல்லதாகவும் இருக்கலாமே? திரும்பிப் போய்ச் சொன்னால் பட்டறையும் போகும், வேலையும் போகும், மானமும் போகும். ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் டில்லிபாபு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இன்னாக்கா சொல்றீங்க? ரிப்போர்ட்ட மேல அனுப்பிட்டேனே! பையிலயே எங்கனா கீதா, நல்லாப் பாருங்க.”

பையை மேசைமேல் கவிழ்த்தார். ரப்பர் பேண்ட் போட்ட சுடிதார்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. துண்டு, நைட்டி, அரை சோப்பு, மாத்திரை அட்டைகள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்துத் துணி இல்லன்னீங்க?”

“பொய் சொன்னனுங்க சார்” என்றேன். “ஆனா இது பொய்யில்லீங்க.”

மஞ்சள் பெட்டிகளைக் கொட்டி ஒவ்வொரு பின்னின் தலையையும் பார்த்தோம். நான்காவது பெட்டியில் M கிடைத்தது. கிடைக்கக் கூடாதே என்று ஒரு பொருளைத் தேடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். “செவ்வாய்க்கிழம ஒரு வண்டிக்குப் பெடல் செட்டு மாத்துனோம். லைன்ல இல்ல, தனியா ஓரங்கட்டி. அவசரத்துல ஸ்டோர்லேர்ந்து கையில ஒரு பின்னு எடுத்துகினு வந்தாங்க, எழுதல. அந்த வண்டி லிஸ்ட்லயே வரல.” போன் செய்தார். வண்டி யார்டில் இல்லை. இரண்டரை மணிக்கே டிரெய்லரில் ஏறி ஓசூருக்குக் கிளம்பிவிட்டது. “வல்லக்கோட்ட முருகா, நீதான் காப்பாத்தணும்” என்று கண்ணை மூடினார்.

டிரெய்லர் டிரைவரைப் போனில் பிடித்தார்கள். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தச் சொன்னார்கள். மஞ்சள் புள்ளி வைத்த பின் ஒன்றும் கேஜும் எடுத்துக்கொண்டு கம்பெனி வேனில் கிளம்பினோம். முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

வெள்ளி, மாலை 5.40. டிரெய்லர் ஓரமாக நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். ஏணி வழியாக மேல் தட்டுக்கு ஏறி வண்டிக் கதவைத் திறந்தோம். நான் தரையில் மல்லாந்து படுத்து, பெடலுக்கு அடியில் தலையை நுழைத்தேன். கிளிப்பைக் கழற்ற டில்லிபாபு கொறடு நீட்டினார். அது தேவைப்படவில்லை. என் கட்டைவிரல் நகம் பட்டதுமே கிளிப் தெறித்து என் கன்னத்தில் விழுந்தது.

கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே படுத்து அழுதேன். புதுப் பின்னை மாட்டி, கிளிப் போட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

கீழே இறங்கியதும் டிரைவர் கேட்டார். “ஏனுங்க அக்கா, கோயமுத்தூருங்களா? பேச்சு நம்மூரு மாதிரி இருக்குது. நான் நாமக்கல்லுங்க.” பிறகு மேல் தட்டைக் காட்டினார். “நாளைக்கு ஓசூருல நாந்தானுங்க அதய ஓட்டி எறக்கோணும். பலகை நல்ல சரிவுங்க. பிரேக்கை நம்பித்தான் எறங்கறது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பக்கத்திலிருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “யாரு செஞ்ச தப்போ, நீங்க இத்தனை தூரம் அலையறீங்க” என்று எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டில்லிபாபு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “செஞ்சது நாந்தானுங்க அண்ணா” என்றேன். அவர் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சனி முதல் புதன் வரை. கதை அதோடு விடவில்லை. அதற்கு முன் அனுப்பிய சாமான்களையும் பார்க்கச் சொன்னார்கள். இருபது பின் விஷயத்தை டில்லிபாபுவிடம் சொன்னேன், முதலாளிக்கும் போனில் சொன்னேன். முதலாளி காது கிழியக் கத்தினார். ஆர்டர் இருக்குமா, வேலை இருக்குமா என்று இதை எழுதும்வரை தெரியாது. பேச்சியம்மாள் அதே கட்டிலைப் பிடித்து வைத்திருந்தாள். சுருட்டி வைத்த துணி அத்தனையும் உடுத்தியாயிற்று.

வியாழன், காலை 6.30. சிங்கப்பெருமாள் கோவிலில் சேலம் பஸ் கிடைத்தது, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. எங்கள் பட்டறையில் என் மேசைக்கு எதிரே வெறும் சுவர். நாங்கள் செய்யும் பின் எந்த வண்டிக்குப் போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு லாரி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பஸ் நின்றது. எல்லாரும் மறுபடி தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பிரேக்குக்கும் எங்கோ ஒருத்தி முத்திரை குத்தியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததோ தெரியவில்லை.