பச்சை விளக்கும் பாதி முடிச்சும்

ஜாபேஸ் பாறை ஏறுகிறவன் என்று சொன்னால் பாளையங்கோட்டையில் பத்துக்கு ஒன்பது பேர், "சரி, சோத்துக்கு என்ன செய்யுதான்?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். கல்லூரியில் அவன் எனக்குப் பக்கத்து இருக்கை. சனிக்கிழமை வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. நாங்குநேரிக்குத் தெற்கே ஏதாவது மொட்டைப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பான். திங்கட்கிழமை விரல் நுனியெல்லாம் தோலுரிந்து வந்து நிற்பான். பேனா பிடிக்க முடியாது. பாடக் குறிப்பெல்லாம் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தலையெழுத்து!

படித்து முடித்து நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவன் காற்றாலை இறக்கைகளில் விழும் கீறலைப் பூசும் வேலைக்குப் போனான். எட்டு வருடம் கயிற்றில் தொங்கினான். அங்கேதான் அந்த யோசனை வந்தது. ஏறுகிறவன் இடுப்புப் பட்டையில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி. கொக்கிகள் எல்லாம் சரியாகப் பூட்டிய பிறகுதான் அதில் பச்சை விளக்கு எரியும். கீழே நிற்கும் மேற்பார்வையாளரின் போனிலும் தெரியும்.

"நீ புரோகிராம் எழுது கோவாலு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றான். கோபாலசுப்பிரமணியன் என்ற என் பெயரை அவன் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, கங்கைகொண்டானில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அவனோடு போய் உட்கார்ந்தேன். மூன்று வருடம் அந்த வெக்கையில் வெந்தோம். பதினோரு பெட்டிகள் சொதப்பின. பன்னிரண்டாவது வேலை செய்தது.

வாங்கத்தான் ஆளில்லை. ஒரு காற்றாலைக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சி மட்டும், "நேர்ல ஏறிக் காட்டுங்க, பாக்கேன்" என்றார். அவரும் வேண்டாமென்றால் கொட்டகையைப் பூட்டிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

பாறை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறப்போகிறவன் இடுப்பில் போட்ட முடிச்சை இன்னொருவர் கையால் பிடித்து இழுத்துப் பார்த்து, "பாத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜாபேஸுக்கு அதைச் செய்கிறவள் அவன் மனைவி ஸ்டெபி. கீழே நின்று அவன் கயிற்றைப் பிடித்துக்கொள்பவளும் அவளே. அண்ணாச்சிக்குப் பாறையில் ஏறிக் காட்டும் நாளன்று காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான், பெரிய கெட்டிக்காரன், சொன்னேன்: "இன்னைக்கு மட்டும் தொட்டுப் பாக்காதம்மா. நீ கையால பாத்தா, பொறவு பெட்டி எதுக்குன்னு அண்ணாச்சி கேப்பாரு." அவள் முகம் சுருங்கியது. "சரிண்ணே" என்றாள்.

பாறையடியில் ஜாபேஸ் கயிற்றை இடுப்புப் பட்டையில் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. ஜாபேஸின் அப்பா சபை ஊழியர். பெரியவர்கள் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையும் கூப்பி நிற்க வேண்டும் என்று வளர்த்த வீடு. அவன் கயிற்றை விட்டான், கும்பிட்டான், சௌக்கியம் விசாரித்தான், பேசிக்கொண்டே கொக்கிகளைப் பூட்டினான். பச்சை எரிந்தது. நான் போனை அண்ணாச்சியிடம் நீட்டி, "பாத்தீங்களா!" என்றேன்.

பாறையில் கைவைத்து ஒரு காலைத் தூக்கியவன், மறுபடி கீழே வைத்தான். "ஸ்டெபி, பாக்கலையா?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, அதான் பச்சை எரியுதுல்லா? ஏறுலே!" என்றேன். அவன் அசையவில்லை. ஸ்டெபி என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கயிறு உருவிக்கொண்டு அவள் கையோடு வந்துவிட்டது.

அண்ணாச்சி அப்போது அண்ணாந்து பாறை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாக அவருக்குத் தெரியாது. முடிச்சைத் திரும்பப் போட்டு ஏறியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். இந்த மடையன் கயிற்று நுனியைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனான்.

"அண்ணாச்சி, முடிச்சைப் பாதியில விட்டுட்டேன். பெட்டி பச்சை காட்டிட்டு. அது கொக்கியத்தான் பாக்கும், முடிச்சைப் பாக்காது. இதை நம்பி உங்க ஆளுவளை ஏத்தாதீங்க."

அண்ணாச்சி கயிற்று நுனியை வாங்கிப் பார்த்தார். "பொறவு பாப்போம்வே" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். "மூணு வருசத்தைத் தூக்கி ஆத்துல போட்டுட்டியேலே!" வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்காமல் ஏறியிருந்தால்? ஸ்டெபியைத் தடுத்தது நான்தான் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் கொட்டகையைப் பூட்டத்தான் கூப்பிடுகிறான் என்று போனேன். அவன் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். "இன்னொரு ஆள் வந்து தொட்டாத்தான் பச்சை எரியணும். எழுத முடியுமாலே?"

முடியும். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு வளையம். முடிச்சையும் கொக்கியையும் கையால் பார்த்தவர் தன் வளையத்தால் பெட்டியைத் தொட வேண்டும். ஏறுகிறவனின் சொந்த வளையம் செல்லாது. "பாக்காமலே தொட்டா என்ன செய்வ?" என்று கேட்டேன். "தொட்டவன் பேரு அதுல நிக்கும்லா" என்றான். நான்கு மாதம் பிடித்தது.

நானே போய்க் கெஞ்சிக் கூத்தாடி அண்ணாச்சியை மறுபடி அழைத்து வந்தேன். ஜாபேஸ் முடிச்சைப் போட்டு முடித்தான். ஸ்டெபி முன்னால் வந்தாள். "நீ இரு" என்றவன், "கோவாலு, நீ வா" என்றான்.

நான் அதுவரை ஒருவன் முடிச்சையும் தொட்டதில்லை. ஒவ்வொரு புரியாகத் தடவிப் பார்த்தேன். இழுத்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். "பைய பாருலே, அவசரம் இல்ல" என்றான். "பாத்தாச்சு" என்றேன். என் வளையத்தால் பெட்டியைத் தொட்டேன். பச்சை எரிந்தது. அவன் ஏறி இறங்கும் வரை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க ஆளுவ எம்பது பேருக்கும் வேணும். எப்ப தருவிய?" என்று அண்ணாச்சி கேட்டார். ஸ்டெபி விசிலடித்தே விட்டாள்.

அவர் போன பிறகு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் போய் நின்றேன். "லே, அன்னைக்கு ஸ்டெபியைப் பாக்காதன்னு சொன்னது நான்தான்."

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

"பொறவு ஏன்லே இன்னைக்கு என்னைக் கூப்பிட்ட?"

"இனிமே உன்னைவிடக் கவனமாப் பாக்க யாரு இருக்கா?" என்றான்.