பேங்கில் இல்லாத பணம்

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிறதென்று கடைத்தெருவில் கொடி விற்றுக்கொண்டிருந்த நாட்களில், காஜா பெராங்கில் நான் மாவு மில் நடத்திய கடைவீட்டை அதன் சொந்தக்காரரான சீனத் தவுக்கே விற்கப்போவதாகச் சொன்னார். நானே வாங்குவதானால் எனக்கு ஒரு மாதத் தவணை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

தோட்டம், லாரி, துறைமுகம் என்று எங்கும் ஒரு வருடம் தங்காதவன் நான். இந்த மில்லில்தான் மூன்று வருடம் நின்றிருந்தேன். விலையில் பாதிப் பணம் கையில் இருந்தது.

மீதிக்கு முதலில் பேங்குக்குப் போனேன். கடன் பகுதிக் குமாஸ்தாவான கிராணி தமிழர்தான். துரையின் அறைக் கதவு திறந்திருந்தவரை என்னிடம் இங்கிலீஷ் மட்டுமே பேசினார். நாலாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது பாதிதான் புரிந்தது. கணக்குப் புத்தகம் வேண்டும், சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. கதவு மூடியதும் தமிழ் வந்தது.

"அண்ணே, மொளகாத்தூள் நெடியோட வந்து நின்னா தொர எப்படிக் கொடுப்பாரு? கிட்டங்கிக்குப் போங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

கிட்டங்கி என்பது வட்டிக்கு விடுகிறவர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் நீண்ட கூடம். கிராணி சொன்ன ஆள் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். வெற்றிலைச் சாறு ஒட்டிய கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டுகளை எண்ணினார். பேங்கு வட்டியைப்போல மூன்று பங்கு கேட்டார். முதல் மூன்று மாத வட்டியை அப்போதே பிடித்துக்கொண்டார். அப்புறம் கோயில் மகமை என்று இன்னும் சில நோட்டுகளை உருவினார்.

"முருகனுக்குங்க. எனக்கில்ல."

எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் கிராணி உள்ளே வந்தார்.

"நீங்க கேட்டது பாஸாயிருச்சு. தொர கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று பெட்டிக்காரரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, ஒத்து வந்துச்சா?" என்றார்.

"எனக்கு இல்லேன்ன பணம் இவருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

பெட்டிக்காரர் சிரித்தார். "பணம் ஒண்ணுதாங்க. வாசல்தான் வேற."

பேனாவைப் பெட்டிமேல் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தரகுக்காக நின்ற கிராணியின் முகம் சுருங்கியதில் எனக்கு அற்பமான ஒரு சந்தோஷம். வெளியே சாக்கடையில் துப்பினேன்.

மனைவி மில்லில் மல்லித்தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்க, அவனுங்க யோக்கியமா இருந்தாத்தான் கட வாங்குவீங்களா? வயித்தக் கட்டி ரெண்டு மூணு வருசத்துல அடைச்சிருக்கலாம்" என்றாள்.

மிச்ச நாளெல்லாம் அலைந்தேன். கடன் கேட்க வேறு ஆளும் கிடைக்கவில்லை.

தவணை முடிந்த வாரமே கடைவீடு கைமாறியது. மாதம் பிறந்ததும் புதுச் சொந்தக்காரர் வாடகை வாங்க வந்தார். அதே திருநீறு, அதே கட்டைவிரல். வாடகையை ஏற்றியிருந்தார். ரசீதில் அதற்குக் கீழே தனி வரியில் மகமை.

கொடுத்தேன். மூன்றாம் மாதம் மில்லைக் கழற்றி, லாரியில் ஏற்றிக் கிளேபாங்குக்குப் போனோம். அங்கேயும் வாடகைதான்.