டைலர் மூடிய வளையம்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எல்லோரும் அவரை டைலர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி நூலைத் தொட்டவர் அல்லர். கொதிக்கும் எண்ணெய் ஓடுகிற குழாய்களுக்குக் கல்லை உருக்கி இழைத்த கனிமப் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்துச் சட்டை போல மாட்டுவது அவர் வேலை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது, தெரியாமல் தொட்டவன் கை வேகக் கூடாது. ஒப்பந்தக் கூலியாக இருபத்திரண்டு வருடம். கெட்டிக்காரர் என்று சொல்லலாம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கோளாறு இருக்குமோ என்று தீப்பிடித்த பிறகுதான் அவருக்கே தோன்றியது.

தீ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பிடித்தது. மூன்று பம்புகள் நாசம், ஒரு ஃபிட்டருக்குக் கை வெந்துவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. அணைத்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சியது: பொறி எங்கிருந்து வந்தது? மின்கம்பியில் பழுதில்லை. பக்கத்தில் வெல்டிங்கும் நடக்கவில்லை. ஆனால் அங்கே ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டரின் சட்டைப் பையில் ஒரு சிகரெட் லைட்டர் இருந்தது. போதாதா? அவனை சஸ்பெண்ட் செய்து, பத்து நாளில் விசாரணை என்றார்கள்.

அந்த ஆபரேட்டர் டைலரின் மனைவிக்குத் தம்பி.

"கேட்லயே குடுத்திருக்கணும் மாமா, மறந்துட்டேன். உள்ள நான் பத்த வெக்கவே இல்ல."

"குடுக்க மறந்தவன் பத்த வெச்சதையும் மறந்திருப்பான்னு சொல்லுவாங்க மாப்ளே."

"ஏங்க, அவனே சோறு எறங்காம உக்காந்திருக்கான். இதுல உங்க நக்கல் வேற!" என்றாள் மனைவி.

டைலர் மனசுக்குள் வேறெதையோ குடைந்துகொண்டிருந்தார். "மொதல்ல என்னடா பாத்தே?"

"பொகைதான். ரெண்டாம் பம்ப்கிட்ட, தகட்டு இடுக்குலேருந்து. ஓடிப்போய் சொல்றதுக்குள்ள குபீர்னு புடிச்சிருச்சு."

"ஃபிளாஞ்ச்லேருந்தா?"

"ஃபிளாஞ்ச் எங்க தெரியுது? நீங்கதான் அழகா மூடிட்டீங்களே."

குழாயும் குழாயும் போல்ட் போட்டு இணைகிற வளையம்தான் ஃபிளாஞ்ச். அதை மூடாமல் விட வேண்டும் என்பது விதி. கசிந்தால் வெளியே சொட்டும், யார் கண்ணிலாவது படும். ஆனால் திறந்து கிடக்கும் வளையம் டைலரின் கண்ணுக்கு முழங்கை கிழிந்த சட்டை மாதிரி இருக்கும். பெரிய அதிகாரிகள் வருகிற நாட்களில் சிலவற்றை மூடினார். "கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்றார் சூப்பர்வைசர். பிறகு இன்னும் சிலவற்றை மூடினார்.

அவரை உறுத்தியது இதுதான். பஞ்சு எரியாது. தகடு எரியாது. எண்ணெய்க்கோ நெருப்பு வேண்டும். அப்படியானால்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்கட்டில் மின்அடுப்பை வைத்தார். இரும்புத் தட்டில் கொஞ்சம் பழைய எண்ணெய் ஊற்றிச் சுட வைத்தார். புகைந்தது, வற்றியது, அவ்வளவுதான். பிறகு அதே எண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்து ஒரு டின்னில் திணித்து, மூடி, அதே அடுப்பில் ஏற்றினார். இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"என் வேலைக்கு ஏதாவது வழி பண்ணுவீங்கன்னு பாத்தா, பஞ்சு வறுத்துட்டு இருக்கீங்க!" என்றான் மச்சினன்.

மூன்றாவது மணியில் மூடியின் விளிம்பில் புகை கசிந்தது. டைலர் அடுப்பை அணைத்தார். புகை நிற்கவில்லை, கூடியது. அடியில் சூடே இல்லாமல் எது இதைச் சுடுகிறது? குறடால் மூடியை மெல்ல நெம்பினார். பஞ்சில் ஊறிய எண்ணெய் தானாகவே சூடேறி, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே தணலாகச் சிவந்திருந்தது. காற்றுப் பட்டதும் சட்டென்று சுவாலை எழுந்தது. மனைவி கத்த, மச்சினன் மணலை அள்ளிக் கொட்டினான்.

"லைட்டர் யார்கிட்டடா இருக்கு?"

"அங்கயே புடுங்கிட்டாங்களே மாமா."

"அதைத்தான் சொல்றேன். லைட்டரே இல்லாம இங்க புடிச்சுதே."

மச்சினனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மனைவிக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. "மூடினது நீங்கன்னு சொன்னா, உங்களை உள்ள விடுவாங்களா?"

"விடமாட்டாங்க."

"சொல்லலேன்னா?"

அவர் மணலைத் தட்டிவிட்டு, கருகிய பஞ்சோடு டின்னைப் பையில் வைத்தார்.

விசாரணை அறையில் டைலர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அதிகாரி கருகிய பஞ்சைப் புரட்டிப் பார்த்தார். "ஃபிளாஞ்சை யாரு மூடச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். மூடினா பாக்க நல்லா இருந்துச்சு."

"இதே மாதிரி வேற எத்தனை?"

டைலர் கண்ணை மூடினார். ஆலைக்குள் ஒவ்வொரு குழாயாக மனசுக்குள்ளேயே நடந்து வந்தார். நேரம் பிடித்தது.

"அறுபத்தொண்ணு சார்."

மச்சினனை லைட்டருக்காகக் கண்டித்து வேலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். டைலருக்குப் புது வேலை கிடையாது. அறுபத்தொன்றையும் பிரிக்க வேண்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

பம்பை நிறுத்தி ஆறவிட்டுப் பிரித்தார்கள். முதல் இரண்டிலும் பஞ்சு வெள்ளையாக, காய்ந்து இருந்தது. மூன்றாவதில் ரிவெட்டைப் பெயர்த்ததும் கறுத்த பஞ்சு எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. குழாய் ஆறியிருந்தும் பஞ்சு கைக்குச் சுட்டது.

தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு நின்ற மச்சினன் பதறினான். "தள்ளி வாங்க மாமா!"

டைலர் அரையடி தள்ளி நின்று, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டினார். "இருடா. எண்ணெய் எந்த போல்ட்லேருந்து கசியுதுன்னு பாத்துட்டு வரேன்."