இன்னும் ஒரு வாய்

ஓசூரில் ஏரியைப் பார்த்தபடி இருந்த மண்டபத்தில் ரிசப்ஷன் விருந்து. பக்கத்து மேசையில் ஒரு பெண் தன் மகனுக்குச் சோறு ஊட்டியபடி, "இங்கொக முத்த, நாயனா" என்றாள். இன்னும் ஒரு வாய் என்று தெலுங்கில் கெஞ்சுகிறாள். நான் சாப்பிடுவதை விட்டு அவளையே பார்த்தேன்.

என் அம்மாவுக்கும் தெலுங்குதான். அப்பா வீட்டார் கேலி செய்ததால் எங்களிடம் தமிழே பேசினாள். ஊட்டும்போது மட்டும் தெலுங்கு தானாக வந்துவிடும். பொழுது சாய்கையில் இதே ஏரிக்கரைக்கு என்னைத் தூக்கிவருவாள். அப்பாவின் கம்பெனி பஸ் விளக்கு தண்ணீரில் விழுவதைக் காட்டிக் காட்டியே களியைக் கீரைக்குழம்பில் தோய்த்து ஊட்டுவாள். போதும் என்பதற்கு நான் "சாலும்மா" என்பேன்.

"வயிறு சொல்லுச்சா, வாய் சொல்லுச்சா?" என்று தமிழில் அதட்டிவிட்டு, அடுத்த உருண்டையைத் தெலுங்கில் நீட்டுவாள்.

போன ஆடியில், ஆஸ்பத்திரியில் நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டாவது ஸ்பூனிலேயே "சாலு" என்றாள்.

"இங்கொக முத்த, அம்மா" என்றேன்.

நான் தெலுங்கு பேசியதைக் கேட்டுச் சிரித்தாள். வாயைத்தான் திறக்கவில்லை.

பக்கத்து மேசைப் பையன் சிணுங்கிக்கொண்டே வாயைத் திறந்தான்.